தீயணைப்பிலிருந்து மீட்புக்கு: வேலூர் – ஆம்பூர் தோல் தொழிற்பகுதியில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்

ஆய்வுச் சுருக்கம்

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற்பகுதியில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை ஆற்றும் பணிகளை இக்கட்டுரை விளக்குகிறது. தோல் பதனிடும் முறை மாறியபோது இடரின் தன்மையும் மாறியது. எரியும் பொருளினும் கண்ணுக்குப் புலப்படாத வாயுவே இங்கு விரைந்து உயிர் பறிக்கிறது. அவ்வாயுவால் மயங்கியவரைக் காப்பாற்றும் கால அளவு, மிக அருகிலுள்ள நிலையத்தின் வண்டி வந்து சேரும் நேரத்தைவிடக் குறைவு. ஆகவே இப்பகுதியில் துறையின் முதன்மைப் பணி அழைப்பு வருவதற்கு முன்பே செய்யப்பட வேண்டியதாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: தீயணைப்பு, மீட்புப் பணி, தோல் பதனிடுதல், ஹைட்ரஜன் சல்பைடு, கழிவுநீர்த் தொட்டி, ஆம்பூர், இராணிப்பேட்டை.

முன்னுரை

தீயணைப்பு நிலையம் என்றவுடன் சிவப்பு வண்டியும், மணியோசையும், நீர் பீய்ச்சும் குழாயுமே நம் நினைவில் எழுகின்றன. துறையின் பெயரில் ‘மீட்பு’ என்னும் சொல் இடம்பெற்ற பின்னரும் மக்கள் வழக்கில் அது தீயணைப்பு நிலையமாகவே நிலைத்திருக்கிறது. ஆனால் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இத்துறைக்கு வரும் அழைப்புகளில் தீ பற்றியவற்றினும் மீட்புப் பற்றியவையே மிகுதி. பெயருக்கும் பணிக்கும் இடையே நேர்ந்துள்ள இம்மாற்றம் எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. எனினும் அம்மாற்றத்தின் பொருள் தோல் தொழில் நடைபெறும் ஊர்களில்தான் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. இதனை விளக்க, முதலில் துறையின் பணிகளும், அடுத்துத் தொழிலின் மாற்றமும், பின்னர் அத்தொழிலில் எழும் இருவகை இடர்களும், இறுதியாகச் சட்டமும் சொல்லாட்சியும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. துறையின் பணிகள்

தமிழ்நாட்டில் இத்துறை 1985ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. மாவட்ட அளவில் மாவட்ட அலுவலரும், நிலைய அளவில் நிலைய அலுவலரும் பொறுப்பேற்கின்றனர். முன்னணித் தீயணைப்போர், தீயணைப்போர், வண்டி ஓட்டுநர்கள் ஆகியோர் நிலைய அலுவலரின்கீழ்ப் பணியாற்றுகின்றனர். 101 என்னும் எண்ணிலோ, ஒருங்கிணைந்த அவசர எண்ணான 112இலோ அழைப்பு வந்தவுடன் அருகிலுள்ள நிலையத்திலிருந்து வண்டி புறப்படுகிறது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால், ஒரே தொழிலைச் சார்ந்த இவ்வூர்கள் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்ட நிர்வாகங்களில் அமைந்துள்ளன.

இத்துறையின் பணிகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, தீயை அணைத்தல். இரண்டாவது, மீட்பு. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் நசுங்கிய வாகனங்களில் சிக்கியோரை வெட்டுக்கருவி கொண்டு விடுவித்தல், வெள்ளத்தில் சிக்கியோரைக் கரைசேர்த்தல், வீடுகளுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்தல், திறந்த கிணறுகளில் விழுந்த மனிதரையும் கால்நடையையும் தூக்குதல் ஆகியன இதில் அடங்கும். வட மாவட்டங்களில் மாடு விடும் விழாக் காலங்களில் மிரண்டோடிக் கிணற்றில் விழும் காளைகளை மீட்பதும் இவர்களுக்குப் பழகிய பணியே. மூன்றாவது, உயர் கட்டடங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் தடையின்மைச் சான்றும் உரிமமும் வழங்குவதற்கான ஆய்வு. நான்காவது, பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் நடத்தப்படும் செயல்விளக்கப் பயிற்சி.

வெள்ளம் இப்பகுதிக்குப் புதிதன்று. 1903 நவம்பரில் பாலாற்றில் பெருகிய வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டது. அதன் நினைவுச்சின்னம் இன்றும் அவ்வூரில் உள்ளது. 2021 நவம்பர் 19ஆம் நாள் தொடர்மழையால் பேரணாம்பட்டில் வீடு இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். இத்தகைய பேரிடர்களில் துறையின் பணி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தோல் தொழிற்கூடத்தின் மதிலுக்குள் நிகழ்வது அவ்வாறு தெரிவதில்லை.

2. தொழிலின் மாற்றமும் இடரின் மாற்றமும்

பழைய முறையில் தோல் பதனிடுதல் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் சார்ந்திருந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைப் பட்டைச்சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்தனர். அத்தொழிற்கூடத்தின் முதன்மை இடர் நாம் அறிந்த நெருப்பே. உலர்ந்த பட்டைக் குவியலும், மரச்சட்டமும், ஓலை அல்லது ஓட்டுக்கூரையும் தீப்பற்றக்கூடியவை. அத்தகைய தீயை நீரால் அணைக்க இயலும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையை அடுத்துப் பச்சைத் தோலும் அரைப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் ஏற்றுமதிக்குரியனவாயின. இதன் விளைவாகச் சோடியம் சல்பைடு, கந்தக அமிலம், ஃபார்மிக் அமிலம், அம்மோனியம் உப்புகள், குரோமியம் சல்பேட்டு, மேற்பூச்சுக்கான நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு, கரைப்பான்கள் எனப் பல வேதிப்பொருள்கள் ஒரே வளாகத்திற்குள் வந்து சேர்ந்தன. பட்டைக் கிடங்கு இருந்த இடத்தில் வேதிப்பொருள் கிடங்கு அமைந்தது.

மூன்றாம் மாற்றம் நீதிமன்றத்தின் வழி நேர்ந்தது. ஒரு கிலோ பச்சைத்தோலை முழுமையாகப் பதனிடச் சுமார் 30 முதல் 40 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. அந்நீர் முழுதும் கழிவாகப் பாலாற்றிலும் வயல்களிலும் விடப்பட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு ஏற்படுத்துவோரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு உறுதிசெய்தது. தோல் ஆலைகள் சுத்திகரிப்பு வசதியை அமைப்பதும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இணைவதும் கட்டாயமாயின. இது தேவையான, நியாயமான தீர்வு. எனினும் அதன் ஒரு விளைவு அதிகம் பேசப்படவில்லை. முன்பு திறந்தவெளியில் ஓடிய கழிவு இப்போது சேகரிப்புத் தொட்டி, சமன்படுத்தும் தொட்டி, கசடுத் தொட்டி எனப் பல தொட்டிகளில் தங்குகிறது. தங்கும் தொட்டியைத் தூர்வார வேண்டும். அடைத்த குழாயைத் திறக்க வேண்டும். பழுதான நீரேற்றியை எடுக்க வேண்டும். அதற்கு மனிதர் இறங்குகின்றனர். ஆற்றைக் காக்க எழுப்பிய தொட்டி, உள்ளே இறங்குபவரைக் காக்கும் ஏற்பாட்டையும் உடன் கொண்டிருக்க வேண்டும் என்னும் எண்ணம் அதே வேகத்தில் வளரவில்லை.

3. எரியும் இடர்

தோல் பதனிடும் ஆலையின் ஈரப்பணிக் கூடத்தில் தீ எளிதில் பற்றாது. மேற்பூச்சுக் கூடமும், வேதிப்பொருள் கிடங்கும், தோல் தேய்க்கும் எந்திரத்தின் தூசு சேரும் இடமும், காலணி ஆலையின் பசைப் பிரிவுமே தீக்கு இடமாகின்றன. பூச்சுக்கும் பசைக்கும் பயன்படும் டொலுவீன், மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பான்கள் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடுகின்றன. வேலூரின் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். அந்நாட்களில் திறந்து வைத்த பசைக்குவளையிலிருந்து எழும் ஆவியின் அளவு கூடுகிறது. இவ்வாவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள மின்பொறியையும் சென்றடையக்கூடியது.

இத்தீயை நீரால் மட்டும் அணைக்க முயல்வது பயன் தராது. கரைப்பான் நீரின்மீது மிதந்து தீயைப் பரப்பும். நீரில் கலக்கும் இயல்புடைய கரைப்பானாயின் சாதாரண நுரையையும் சிதைத்துவிடும். அதற்கெனத் தயாரிக்கப்பட்ட நுரை தேவை. வேதிப்பொருள் கிடங்கில் நிலைமை இன்னும் சிக்கலானது. சோடியம் சல்பைடும் அமிலமும் அருகருகே வைக்கப்பட்டிருந்தால், பீய்ச்சப்படும் நீரே இரண்டையும் கரைத்து ஒன்றுசேர்த்து நச்சுவாயுவை எழுப்பிவிடும். தீயை அணைக்க வந்தவரே அவ்வாயுவை முதலில் நுகர்வார். குரோமியத்தால் பதனிட்ட தோல் எரியும்போது, அதிலுள்ள குரோமியத்தின் ஒரு பகுதி மேலும் நச்சுத்தன்மை வாய்ந்த ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். எனவே சாம்பலையும் அணைத்த நீரையும் கழிவுகளாகவே கருதிக் கையாள வேண்டும்.

உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் தீயை அணுகுவதன் விலையை இத்துறை தன் வரலாற்றில் அறிந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் கடைப்பிடிக்கப்படும் தீத்தொண்டு நாள், 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் போர்ட் ஸ்டைகின் என்னும் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக அமைந்தது. பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் அக்கப்பலில் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பற்றிய தீயே வெடிப்புக்குக் காரணமாயிற்று. தோல் ஆலையின் கிடங்குக்கும் இப்பாடம் பொருந்தும். எப்பொருள், எவ்வளவு, எங்கே என்னும் பட்டியல் வாயிலிலேயே கிடைக்குமாயின், வண்டியிலிருந்து இறங்கும் நிலைய அலுவலர் நீரா, நுரையா, விலகி நிற்பதா என்பதை முதல் நிமிடத்திலேயே முடிவு செய்ய இயலும்.

காலணி ஆலைகளில் தீயைவிட வெளியேறும் வழியே உயிரைத் தீர்மானிக்கிறது. ஆம்பூர்ப் பகுதியின் காலணி ஆலைகளில் பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. ஒரே தளத்தில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து தைக்கும் கூடத்தில், படிக்கட்டில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளும் பூட்டிய பின்கதவும் போதும். 2019 டிசம்பர் 8இல் தில்லி அனாஜ் மண்டியில் நிகழ்ந்த தீவிபத்தில் 43 பேர் இறந்தனர். அவர்களுள் பலரின் உயிரைப் பறித்தது புகையே.

4. கண்ணுக்குப் புலப்படாத இடர்

தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகிறது. அதன் அளவு தோலின் எடையில் சுமார் 2 முதல் 3 விழுக்காடு. சுண்ணாம்பின் காரத்தன்மை இருக்கும்வரை சல்பைடு நீரில் கரைந்தே நிற்கும். அடுத்தடுத்த நிலைகளில் வரும் அமில ஊறல்நீரோ குரோமியக் கழிவுநீரோ அதனுடன் கலந்தால் காரத்தன்மை குறைகிறது. சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறுகிறது. இரு கழிவுநீரும் ஒரே தொட்டியில் சேரும் இடத்தில் இவ்வேதிவினை எவரும் தூண்டாமலேயே நிகழும்.

இரண்டாவது வழியும் உண்டு. தோல் கழிவில் சல்பேட்டு மிகுதி. காற்றுப்படாத கசட்டில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. ஆகவே ஆலை ஓடாமல் நின்றிருந்த நாட்களிலும் தொட்டியில் வாயு உருவாகிக்கொண்டே இருக்கும். அது கசட்டினுள் குமிழிகளாகச் சிறைப்பட்டிருப்பதால், மேலிருந்து சோதிக்கும்போது அளவு குறைவாகத் தோன்றலாம். ஒருவர் இறங்கிக் காலை வைத்துக் கலக்கியவுடன் அது ஒருசேர வெளிப்படும். ‘சற்றுமுன்வரை ஒன்றுமில்லை’ என்று உடனிருந்தோர் கூற நேர்வது இதனால்தான்.

இவ்வாயு காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு கனமானது. ஆகவே தொட்டியின் அடியில் தங்கும். அழுகிய முட்டையின் நாற்றமுடையது. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதனை உணரும். ஆனால் 100 பங்கை எட்டும்போது மோப்ப உணர்வே செயலிழந்துவிடுகிறது. நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதற்கான அறிகுறியாகக் கொள்பவர் உண்மையில் பெரும் ஆபத்தின் நடுவே நிற்கிறார். உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கும் அளவாக அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் வரையறுத்திருப்பதும் இந்த 100 பங்கே. 700 பங்கைக் கடந்தால் ஓரிரு மூச்சுகளில் நினைவிழப்பு நேரலாம். 1,000 பங்குக்கு மேல் மரணம் ஏறக்குறைய உடனடியானது. அன்றாடம் அதே நாற்றத்தில் பணிபுரிபவருக்கு நாற்றம் ஓர் எச்சரிக்கையாகத் தோன்றாமல் போவதும் இயல்பே.

5. கிணற்று அறிவும் தொட்டியின் இடரும்

இப்பகுதி உழவர்களுக்கு மூச்சுத்திணறும் குழி புதிதன்று. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றிலும் தானியக் குதிரிலும் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது மரபு. சுடர் அணைந்தால் இறங்கக்கூடாது. உயிர்வளி குறைந்திருப்பதைக் காட்டும் எளிய, அறிவார்ந்த சோதனை இது. கிராமத்திலிருந்து தோல் ஆலைக்கு வேலைக்கு வந்தவர் இவ்வறிவையும் உடன் கொண்டுவருகிறார்.

ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் இச்சோதனை இருவகையில் பிழைபடும். முதலாவதாக, உயிர்வளி போதுமான அளவு இருந்து சுடர் நன்கு எரியும்போதே, கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு அங்கே இருக்கக்கூடும். பத்து இலட்சத்தில் 1,000 பங்கு என்பது நூற்றில் 0.1 மட்டுமே, அதனால் சுடருக்குக் கேடில்லை, மனிதருக்கு மரணம். இரண்டாவதாக, இவ்வாயு தானே எரியக்கூடியது. காற்றில் அதன் அளவு நூற்றுக்குச் சுமார் 4 முதல் 44 வரை இருக்குமாயின் தீப்பொறி வெடிப்பாக மாறும். உயிர் காத்த மரபறிவு, இடம் மாறும்போது உயிருக்குக் கேடாகிறது. ஆகவே தொழிலாளருக்கான பயிற்சி ‘இறங்காதே’ என்னும் கட்டளையோடு நின்றுவிடாமல், அவர்களுக்குத் தெரிந்த கிணற்றிலிருந்து தொட்டி எவ்வாறு வேறுபடுகிறது என்பதையும் விளக்க வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் பயிற்சியே மனத்தில் நிற்கும்.

6. இரண்டாமவரின் மரணம்

தொட்டி விபத்துகள் ஒரே வடிவில் நிகழ்கின்றன. முதலில் ஒருவர் இறங்கி மயங்குகிறார். அவர் சறுக்கி விழுந்தார் என்றோ, மின்சாரம் தாக்கியது என்றோ எண்ணி அடுத்தவர் இறங்குகிறார். அவரும் எழாதபோது மூன்றாமவர் இறங்குகிறார். 1986ஆம் ஆண்டில் மேற்கூறிய அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் இறந்தோருள் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்றச் சென்றவர்கள் என்று குறிப்பிட்டது. தோல் ஆலைகளில் ஒரே ஊரினரும் ஒரே குடும்பத்தினரும் சேர்ந்து பணிபுரிவதுண்டு. உள்ளே கிடப்பவர் தம்பியாகவோ மைத்துனராகவோ இருக்கும்போது, மேலே நிற்பவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது கடினம். அன்பே இங்கு இரண்டாம் மரணத்திற்கு வாயிலாகிறது.

நேரத்தைக் கணக்கிட்டால் சிக்கல் தெளிவாகும். மூச்சு நின்றபின் மூளை நிலையான பாதிப்பின்றித் தாங்குவது ஏறத்தாழ 4 முதல் 6 நிமிடம். நிகழ்ந்ததை உணர்ந்து அழைப்பு விடுக்கவும், வண்டி புறப்பட்டுக் குறுகிய தெருக்களைக் கடந்து ஆலையை அடையவும், வீரர் மூச்சுக்கருவி அணிந்து கயிற்றுடன் இறங்கவும் ஆகும் நேரம் அதனினும் கூடுதல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஊருக்குள்ளேயே தீயணைப்பு நிலையம் இருந்தும் இக்கணக்கு மாறுவதில்லை. இதனை நிலையத்தின் குறைபாடாகக் கருதுதல் தவறு. எத்துணை விரைவாக வந்தாலும் இவ்விடரை வெல்ல முடியாது என்பதே உண்மை.

பயிற்சி பெற்ற குழு தொட்டியை அணுகும் முறை கவனிக்கத்தக்கது. முதலில் கூட்டத்தை விலக்கி, காற்று வரும் திசையில் நிற்கின்றனர். வாயுமானியைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி என மூன்று நிலைகளிலும் அளக்கின்றனர். உயிர்வளி 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும், நச்சுவாயு வரம்புக்குள்ளும், எரியும் வாயு பாதுகாப்பான அளவிலும் இருக்க வேண்டும். தீப்பொறி எழுப்பாத ஊதுகருவியால் புதிய காற்றைத் தொடர்ந்து செலுத்துகின்றனர். இறங்குபவர் காற்றுக்கலனோடு இணைந்த மூச்சுக்கருவி அணிகிறார். துணியால் மூக்கைக் கட்டுவதும், வடிகட்டி பொருத்திய முகமூடியும் இங்கு உதவா. முக்காலியில் பொருத்திய உருளையின் வழி அவர் உடலோடு பிணைத்த கயிற்றை வெளியே இருப்போர் பிடித்திருப்பர். மூச்சுக்கருவி தரும் நேரம் பொதுவாக 30 முதல் 45 நிமிடம். கடும் உழைப்பில் அதுவும் குறையும். காற்று குறையும்போது எச்சரிக்கை ஊதல் ஒலிக்கும். பணி முடியாவிடினும் வெளியேறியாக வேண்டும். இதற்கு மாற்றாக மற்றொரு வீரர் முன்கூட்டியே கருவி அணிந்து ஆயத்தமாக நிற்பார்.

இவ்வரிசையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. மேற்கூறிய கருவிகளுள் வாயுமானி, ஊதுகருவி, முக்காலி, இடுப்புப்பட்டை, கயிறு ஆகியன தொழிலாளர் இறங்குமுன் ஆலையிலேயே இருந்திருந்தால் விபத்தே நேர்ந்திராது. முதலிலேயே கயிற்றில் பிணைக்கப்பட்டு இறங்கியவரை, மற்றொருவர் இறங்காமலேயே மேலே இழுத்துவிடலாம்.

7. இராணிப்பேட்டை, 2015

தொட்டியின் இடர் அதனுள் இறங்குபவரோடு நிற்பதில்லை என்பதை 2015 ஜனவரி 31 காட்டியது. இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் நள்ளிரவுக்குப் பின் இடிந்தது. பெருக்கெடுத்த கசடு அருகிலிருந்த தோல் ஆலைக்குள் புகுந்து, அங்கு உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களை மூடியது. 10 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள்.

இந்நிகழ்வு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, கசட்டிலிருந்து ஒருவரை மீட்பது நீரிலிருந்து மீட்பதினின்றும் வேறுபட்டது. நீந்தவும் இயலாது, நிற்கவும் இயலாது, நச்சுவாயுவும் உடனிருக்கும். இரண்டாவது, பணியிடமே உறைவிடமாகும்போது ஆலையின் விபத்து உறங்குபவரையும் தேடி வருகிறது. எத்தனை பேர் எங்கே உறங்குகின்றனர் என்னும் செய்தி மீட்புக் குழுவுக்கு இன்றியமையாதது. மூன்றாவது, மொழி. தொட்டியின்மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய எச்சரிக்கைப் பலகையை வங்காளத் தொழிலாளர் படிக்க இயலாது. உருது வழங்கும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும், வங்காளமும் இந்தியும் பேசுவோர் பணிபுரியும் இராணிப்பேட்டையிலும் எச்சரிக்கை பல மொழிகளில் அமைதல் வேண்டும். எல்லோர்க்கும் விளங்கும் படக்குறியும் வேண்டும்.

8. சட்டமும் அதன் இடைவெளியும்

அடைபட்ட இடத்தில் இறங்குவதற்கான நெறி புதிதன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு அதனை வகுத்தது. தகுதியுடையவர் சோதித்து எழுத்துவழிச் சான்று தரவேண்டும்; அல்லது இறங்குபவர் மூச்சுக்கருவியும், வெளியே நிற்பவர் பிடித்த கயிற்றோடு இணைந்த இடுப்புப்பட்டையும் அணிந்திருக்க வேண்டும். தீயணைப்புக் குழு இன்று பின்பற்றும் முறையின் சாரம் அப்பிரிவிலேயே உள்ளது. அச்சட்டத்தின் முதல் அட்டவணை, தோல் பதனிடுதலை இடர்மிகு செயல்முறைகளைக் கொண்ட தொழில்களுள் ஒன்றாகவும் சேர்த்தது.

2013ஆம் ஆண்டின் கையால் கழிவகற்றும் பணித் தடைச் சட்டம் பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் பாதுகாப்பின்றித் தூய்மை செய்யப் பணிப்பதைக் குற்றமாக்கியது. இத்தகைய மரணங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என 2014 மார்ச் 27இல் உச்சநீதிமன்றம் வகுத்தது. 2023 அக்டோபர் 20இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆனால் அச்சட்டம் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் மனிதக் கழிவோடு இணைத்தே வரையறுக்கிறது. தோல் கழிவும் கசடும் மட்டும் தேங்கும் ஆலைத் தொட்டி அவ்வரையறையின் சொற்களுக்குள் நேரடியாக அடங்குமா என்னும் வினா எழுகிறது. இறந்தவரின் நுரையீரலுக்கு இவ்வேறுபாடு இல்லை. இழப்பீடு கோரும் குடும்பத்திற்கோ இது பெரிய வேறுபாடு.

மேற்பார்வையும் பிரிந்து கிடக்கிறது. தீயணைப்புத் துறை தீப்பாதுகாப்பை நோக்குகிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தொழிலாளர் நிலையை நோக்குகிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் வெளியேறும் நீரை நோக்குகிறது. தொட்டி இம்மூவரின் பார்வைக்கும் உரியது. விபத்து நேர்ந்தபின் அழைக்கப்படுவதோ தீயணைப்புத் துறை. ஆகவே முன்னரே அத்தொட்டியைக் காணும் வாய்ப்பும் அத்துறைக்கு இருத்தல் வேண்டும்.

9. ‘விஷவாயு தாக்கி’

செய்தித்தாள்களில் இம்மரணங்கள் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்னும் ஒரே தொடரால் குறிக்கப்படுகின்றன. இத்தொடரின் எழுவாயாக வாயு நிற்கிறது. தாக்குவது அது, பலியாவது தொழிலாளி. இறங்கச் சொன்னவர், சோதிக்காதவர், கயிறு தராதவர் எவரும் அத்தொடரில் இல்லை. எதிர்பாராமல் பாய்ந்த விலங்கைப் போல வாயு சித்திரிக்கப்படுகிறது. ஆனால் மேலே கண்டவாறு அவ்வாயு எங்கே, எவ்வாறு, எப்போது உருவாகும் என்பது முன்கூட்டியே அறியத்தக்கது. ‘பலி’ என்னும் சொல்லும் நிகழ்வை ஊழோடு சேர்த்துவிடுகிறது. ‘சோதிக்கப்படாத தொட்டியில் இறக்கப்பட்ட தொழிலாளர் மரணம்’ என எழுதினால் வினா வேறிடத்திற்குச் செல்லும்.

தோல் தொழிலாளர் வாழ்வு தமிழிலக்கியத்தில் இடம்பெறாததன்று. திண்டுக்கல் தோல் தொழிலாளரைக் களமாகக் கொண்ட டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தோல் தொழிலின் சொற்களையும், கழிவுத் தொட்டியைச் சுற்றிய சொற்களையும் தொகுத்து ஆராய்தல் தமிழாய்வின் கடமைகளுள் ஒன்று. பாதுகாப்புக் கையேடுகள் தொழிலாளர் வழங்கும் சொற்களில் அமையாதவரை அவை படிக்கப்படப் போவதில்லை.

10. அழைப்புக்கு முந்தைய பணி

மேற்கண்டவற்றிலிருந்து இப்பகுதியின் நிலையங்களுக்கு உரிய முன்தடுப்புப் பணிகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, தொட்டிப் பதிவேடு. நிலைய எல்லைக்குட்பட்ட ஒவ்வோர் ஆலையிலும் எத்தனை தொட்டிகள், எவ்வளவு ஆழம், வாயில் எவ்வளவு அகலம், வண்டி எதுவரை செல்லும் என்பன பதிவாக வேண்டும். மூச்சுக்கருவி அணிந்தவர் நுழைய முடியாத குறுகிய வாயிலை விபத்தன்று கண்டறிவதில் பயனில்லை.

இரண்டாவது, வேதிப்பொருள் பட்டியல். இடர்மிகு வேதிப்பொருள்கள் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகளும், வேதி விபத்துகள் குறித்த 1996ஆம் ஆண்டு விதிகளும் அவசரத் திட்டத்தையும், மாவட்ட அளவிலான நெருக்கடிக் குழுவையும் பற்றிப் பேசுகின்றன. அவ்விதிகளின் அளவு வரம்புக்குள் வராத சிறு ஆலைகளும் இங்குப் பல. அவற்றுக்கு வாயிலில் ஒட்டிய ஒரு பக்கப் பட்டியலே போதுமானது.

மூன்றாவது, முன்னறிவிப்பு. தொட்டியைத் தூர்வாரும் நாளை ஆலை நிலையத்திற்கு முன்கூட்டியே தெரிவிக்கும் வழக்கம் உருவாக வேண்டும். திருவிழாவுக்குக் காவலாக வண்டி நிறுத்தப்படுவது போல, பல ஆலைகள் சேர்ந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் பெருந்தூர்வாரலுக்கும் குழு அருகில் நிற்கலாம்.

நான்காவது, பயிற்சி. தீயணைப்பான் உருளையை இயக்கிக் காட்டும் செயல்விளக்கத்தோடு, இறங்காமல் மீட்கும் முறையும் கற்பிக்கப்பட வேண்டும். கயிறு இழுத்தல், காற்று ஊதுதல், 112ஐ அழைத்தல், மற்றவரைத் தடுத்து நிறுத்தல் ஆகிய நான்கும் எவரும் செய்யத்தக்கவை. இவற்றுள் கடைசிச் செயலே மிகக் கடினமானது. அதற்கே மிகுந்த பயிற்சி தேவை.

முடிவுரை

வேலூர் – ஆம்பூர் தோல் தொழிற்பகுதியில் தீயணைப்புத் துறையின் பணி பட்டைக் கிடங்குத் தீயிலிருந்து வேதிப்பொருள் கிடங்குக்கும், அங்கிருந்து கழிவுநீர்த் தொட்டிக்கும் நகர்ந்துள்ளது. தீயை விரைந்து அணைக்கலாம். தொட்டியில் விரைவு மட்டும் போதாது. வண்டி எத்துணை வேகமாக வந்தாலும் 4 நிமிடத்தை முந்த இயலாதபோது, உயிர் காக்கும் பொறுப்பு முன்ஆய்வுக்கும், முன்பயிற்சிக்கும், ஆலையிலேயே இருக்க வேண்டிய கருவிகளுக்கும் உரியதாகிறது. அப்பணிக்கு அளவீடும் வேறாக அமைதல் வேண்டும். எத்தனை அழைப்புகளுக்கு விரைந்தது என்பதோடு, எத்தனை தொட்டிகளில் எவரும் சோதனையின்றி இறங்காமல் தடுத்தது என்பதும் ஒரு நிலையத்தின் ஆண்டறிக்கையில் இடம்பெறுமாயின், துறையின் பெயரிலுள்ள ‘மீட்பு’ என்னும் சொல் முழுப்பொருள் பெறும்.